வண்டி இழுக்கவில்லையா? டர்போவைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் டீசல் கார் வைத்திருப்பவர்கள் ஒர்க் ஷாப்பில் வந்து சொல்லும் புகார் பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்: "அண்ணே, வண்டி முன்ன மாதிரி இழுக்கல." கேட்டவுடன் டர்போ போய்விட்டது என்று முடிவு கட்டுவதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் மிகப் பெரிய தவறு. புகைக்காற்றின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவே சாவது குறைவு. அது உருவாக்கிய அழுத்தம் வழியில் கசிவது, அதன் சிறகுகளை இயக்கும் வாக்குவம் (வெற்றிட இழுப்பு) போய்ச் சேராதது, கரி அடைப்பது, இவைதான் அதிகம். நூறு ரூபாய்க் குழாயில் முடியவேண்டிய வேலைக்குப் பல ஆயிரம் ரூபாய் டர்போவை மாற்றி, அதற்குப் பிறகும் வண்டி இழுக்காமல் நிற்பவர்கள் உண்டு. அதனால் இங்கே அறிகுறியிலிருந்து தொடங்கி, செலவு குறைந்த இடத்தில் முதலில் கை வைக்கும் வரிசையில் போகிறோம்.

நம் பகுதிக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. சாலை பெரும்பாலும் சமதளம். பூஸ்ட், அதாவது டர்போ கூட்டும் காற்றழுத்தம், பாதிதான் வருகிறது என்றாலும் வண்டி எண்பதில் ஓடிக்கொண்டே இருக்கும், யாருக்கும் தெரியாது. ஏழு பேரும் கல்யாணச் சாமானும் ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் மலை ஏறும்போதுதான் குட்டு வெளிப்படும். ஆகவே மலைக்குப் போகும் முந்தைய வாரமே அளந்து பார்த்துவிடுவது நல்லது.

முதலில் அளவு

வண்டியின் டயக்னாஸ்டிக் சாக்கெட்டில் செருகும் சிறு ப்ளூடூத் ஸ்கேனரும் ஒரு கைபேசியும் இருந்தால் போதும். இன்டேக் மேனிஃபோல்ட் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் குழாய்) அழுத்தம் என்ற அளவைத் திரையில் எடுங்கள். சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் பாருங்கள். செட்டிநாடு கடல் மட்டத்திலிருந்து அதிக உயரமில்லை. எனவே 99 முதல் 101 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். 90 என்றோ 115 என்றோ காட்டினால் அந்த அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரே பொய் சொல்கிறது. அதைக் கழற்றினால் நுனியில் கரியும் எண்ணெயும் கெட்டியாக அப்பியிருக்கும். சுத்தம் செய்து மீண்டும் பார்த்த பிறகே அடுத்த படி.

அடுத்து ஓட்டம். விடிகாலையில் போக்குவரத்து இல்லாத நேராக நீளும் சாலையைத் தேர்ந்தெடுங்கள். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் திரையைப் பார்க்க வேண்டும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, மூன்றாம் கியரில் 1500 ஆர்பிஎம்மிலிருந்து ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தி 3000 வரை கொண்டு போங்கள். பெரும்பாலான டீசல் கார்களில் அழுத்தம் 200 முதல் 250 கிலோபாஸ்கல் வரை ஏற வேண்டும். 130, 140-லேயே நின்றால் பூஸ்ட் இல்லை என்பது உறுதி. 200-ஐத் தாண்டியும் வண்டி இழுக்கவில்லை என்றால் டர்போவை மறந்துவிட்டு டீசல் ஃபில்டர், இன்ஜெக்டர், கிளட்ச் பக்கம் போங்கள். கிளட்ச் வழுக்குவதையும் இழுவைக் குறைவு என்றே பலர் சொல்வார்கள். ஆர்பிஎம் ஏறும், வேகம் ஏறாது.

ஒரு எச்சரிக்கை. பொதுவான ஸ்கேனர் செயலிகளில் இந்த அளவு 255-க்கு மேல் காட்டவே முடியாது. 255-ல் அசையாமல் நின்றால் அது அளவுகோலின் எல்லை, வண்டியின் எல்லை அல்ல.

பிழைக்குறிகளையும் குறித்துக்கொள்ளுங்கள், உடனே அழிக்காதீர்கள். பி0299 என்றால் பூஸ்ட் குறைவு. பி0234 என்றால் பூஸ்ட் அளவுக்கு மீறியது. இரண்டுக்கும் ஓட்டுநர் உணர்வது ஒன்றுதான், இழுவை இல்லை. ஆனால் காரணம் நேர் எதிர். இதைப் பார்க்காமல் ஸ்பேனரை எடுக்கக் கூடாது.

ஆக்சிலரேட்டரை மிதித்தால் "ஸ்ஸ்" சத்தம், பின்னால் கரும்புகை

டர்போவுக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஹோஸ் கிழிந்திருக்கிறது, அல்லது கிளாம்ப் நழுவியிருக்கிறது. உள்ளே வந்த காற்றை ஏர் ஃபில்டர் பக்கத்து ஏர்ஃப்ளோ சென்சார் எண்ணிக் கணக்குச் சொல்லிவிடுகிறது. இன்ஜினும் அதற்கேற்ற டீசலைத் தருகிறது. ஆனால் காற்றில் ஒரு பகுதி வழியிலேயே வெளியேறிவிடுகிறது. எரியாத டீசல்தான் அந்தக் கரும்புகை.

இடத்தைக் கண்டுபிடிக்க நம் ஊர்ப் புழுதியே உதவும். டர்போ குழாய்களுக்குள் எப்போதும் லேசான எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். கசியும் இடத்தில் அது வெளியே தெளித்து, செம்மண் புழுதி அதில் ஒட்டி, ஈரமான கருஞ்சிவப்புத் திட்டாகத் தெரியும். டார்ச்சை எடுத்துக்கொண்டு டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வரை, பிறகு இன்டர்கூலரிலிருந்து மேனிஃபோல்ட் வரை தேடுங்கள். மேலே தெரியும் பகுதி நன்றாக இருக்கிறது என்று நிறுத்திவிடாதீர்கள். ஹோஸின் அடிப்பக்கம், வளைவின் உட்புறம், ஏசி பைப்பிலோ பிராக்கெட்டிலோ உரசும் இடம், இவைதான் கிழியும். வண்டி நிற்கும்போது கிழிசல் மூடியே இருக்கும். அழுத்தம் ஏறினால்தான் வாய் திறக்கும். எனவே கையால் வளைத்து, பிசைந்து பார்க்க வேண்டும்.

கண்ணுக்குப் படவில்லை என்றால் அழுத்தச் சோதனை. இது கொஞ்சம் கவனமாகச் செய்யவேண்டிய வேலை.

டர்போவின் காற்று நுழையும் வாயில், ஏர்ஃப்ளோ சென்சாரைத் தாண்டிய இடத்தில், ஹோஸைக் கழற்றுங்கள். அந்த அளவுக்குப் பொருந்தும் பிவிசி மூடியை வாங்கி, நடுவில் துளையிட்டு டியூப்லெஸ் டயர் வால்வைப் பொருத்தி, அதை ஹோஸுக்குள் வைத்துக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். இன்ஜினுக்குள்ளிருந்து ஆவியைக் கொண்டு அதே வழியில் வந்து சேரும் பிரீதர் குழாயைக் கழற்றி அந்த வாயையும் அடைத்துவிடுங்கள். மறந்தால் காற்று எண்ணெய்த் தொட்டிக்குள் போய் ஆயில் சீல்களைத் தள்ளிவிடும். ரெகுலேட்டர் உள்ள கம்ப்ரசரில் 0.5 பார், அதாவது சுமார் 7 பிஎஸ்ஐ மட்டும் கொடுங்கள். 1 பாரைத் தாண்டவே கூடாது. டயர் நிரப்பும் குழாயை ரெகுலேட்டர் இல்லாமல் நேராகக் கொடுத்தால் மூடி பறந்து முகத்தில் அடிக்கும். பிறகு சோப்புத் தண்ணீரைத் தெளியுங்கள். நுரை பொங்கும் இடம்தான் கசிவு. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் மெல்லிய சீறல் கேட்கும். திறந்திருக்கும் வால்வு, பிஸ்டன் வழியாகப் போகும் காற்று அது, பயப்பட வேண்டாம்.

ஹோஸின் நுனி மட்டும் கிழிந்திருந்தால், நீளம் இடம் கொடுத்தால், கிழிசலை நேராக வெட்டி மீண்டும் மாட்டலாம். நடுவில் கிழிந்தால் மாற்றுவதுதான் வழி. சிலிகான் டேப்பைச் சுற்றுவது வீடு வந்து சேர மட்டும். எம்-சீல் பூசுவது எதற்கும் ஆகாது. வெப்பத்தில் விரிந்து சுருங்கும் ரப்பரில் அது நிற்காது, உதிரும் துண்டு உள்ளேதான் போகும். புது ஹோஸை மாட்டும் முன் உலோக வாயில் இருக்கும் எண்ணெயை பிரேக் கிளீனரால் முழுக்கத் துடையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு மாட்டிய ஹோஸ் எவ்வளவு இறுக்கினாலும் ஒரு வாரத்தில் நழுவும்.

புகையில்லை, சத்தமில்லை, நிறுத்தி ஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரம் சரி

இதை டர்போ கோளாறு என்பதைவிட, வண்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது என்று சொல்லலாம். கேட்ட அழுத்தமும் வந்த அழுத்தமும் ஒத்துப்போகாதபோது கணினி டீசலைக் குறைத்து லிம்ப் மோடு என்ற குறைந்த சக்தி நிலைக்குப் போகிறது. சாவியை அணைத்துப் போட்டால் புதிதாகத் தொடங்கும், அடுத்த ஓவர்டேக்கில் மறுபடியும் படுத்துவிடும்.

இங்கே உங்கள் வண்டியில் எந்த வகை டர்போ என்று தெரிந்திருக்க வேண்டும். பழைய ஸ்விஃப்ட்டின் 1.3 லிட்டர், 75 குதிரைத்திறன் டீசலில் இருப்பது வேஸ்ட்கேட் (மிகுதிப் புகைக்காற்றைத் திறந்துவிடும் மூடி) உள்ள நிலையான டர்போ. அதே 1.3 இன்ஜின் எர்டிகாவில் 90 குதிரைத்திறனாக வந்தபோது அதில் இருப்பது விஜிடி, அதாவது சிறகுகள் அசையும் டர்போ. ஸ்கார்பியோவின் எம்ஹாக்கும் விஜிடிதான். சிறகுகள் மூடினால் புகைக்காற்று வேகமாகப் பாய்ந்து குறைந்த ஆர்பிஎம்மிலேயே பூஸ்ட் வரும். திறந்தால் அழுத்தம் தணியும். கரி படிந்து சிறகு பாதியில் சிக்கினால் இரண்டும் கெடும்.

சிறகுகளை அசைக்கும் ஆக்சுவேட்டர் வாக்குவத்தால் இயங்குவது என்றால் சோதனை எளிது. பானெட்டைத் திறந்து ஆக்சுவேட்டர் ராடைப் பார்த்துக்கொண்டே ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஸ்டார்ட் ஆனதும் ராட் சுமார் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்து நிற்கும். அணைத்ததும் பழைய இடத்துக்கு மெதுவாகத் திரும்பும். நகரவே இல்லையா? ஆக்சுவேட்டரின் சிறு குழாயைக் கழற்றி, கையால் இயக்கும் வாக்குவம் பம்பை மாட்டி 500 மில்லிபார் இழுங்கள்.

ராட் நகர்ந்து, ஒரு நிமிடம் அப்படியே நின்றால் ஆக்சுவேட்டரும் சிறகும் நலம். குறை இருப்பது வாக்குவம் வரும் வழியில். முள் இறங்கிக்கொண்டே வந்தால் ஆக்சுவேட்டரின் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. முள் நிற்கிறது, ராட் அசையவில்லை, அல்லது தடுக்கித் தடுக்கி நகர்கிறது என்றால் சிறகில் கரி.

வாக்குவம் வரும் வழியில் மூன்று இடம். ஒன்று, பம்ப்: அங்கே கேஜ் மாட்டினால் ஐட்லிங்கில் 0.8 பார் அளவுக்காவது வாக்குவம் காட்ட வேண்டும். பிரேக்குக்கும் இதே பம்ப்தான் என்பதால், இழுவை குறைந்ததோடு பிரேக் பெடலும் கல் மாதிரி ஆகியிருந்தால் வண்டியை ஓட்டாதீர்கள், முதலில் அதைச் சரி செய்யுங்கள். இரண்டு, சிறு ரப்பர் குழாய்கள். இவற்றை மாற்றும்போது மீன் தொட்டிக் குழாயை வெட்டிப் போடுவது நம் ஊர்களில் சாதாரணமாக நடக்கிறது. குளிர்ந்த இன்ஜினில் அது நன்றாகவே வேலை செய்யும். சூடானதும் இளகி, வாக்குவத்தில் உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும். பிறகு "சூடானா மட்டும் இழுக்கல" என்ற புதுப் புகார் பிறக்கும். வாக்குவத்துக்கென்றே வரும் தடித்த சுவருள்ள குழாயைத்தான் போட வேண்டும்.

மூன்றாவது, மின்சாரத்தால் திறந்து மூடும் சொலினாய்டு வால்வு. அதில் பம்புக்கு ஒரு வாய், ஆக்சுவேட்டருக்கு ஒரு வாய், வெளிக்காற்றுக்கு ஒரு வாய். அந்த மூன்றாவது வாயில் ஒரு சிறு ஃபில்டர் இருக்கும். செம்மண் அதை அடைத்தால் உள்ளே இழுத்த வாக்குவம் விடுபடாது, சிறகு மூடியே நிற்கும், அழுத்தம் எகிறும், பி0234 வரும். பூஸ்ட் அதிகமானதால் இழுவை குறைந்த கதை இதுதான். அந்த ஃபில்டரை மாற்றுவதோ சுத்தம் செய்வதோ ஐந்து நிமிட வேலை. குழாய்களைக் கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், வாய் மாறிப் போட்டால் அதுவே புதுக் கோளாறு.

சிறகில் கரி என்றால், லேசானதாக இருந்தால் நான்காம் கியரில் 2500 ஆர்பிஎம்மை விடாமல் பிடித்து அரைமணி நேரம் ஓட்டினால் பெருமளவு எரிந்து போகும். தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரைக் கூட்டத்தின் பின்னால் சாமான் ஏற்றிக்கொண்டு நாள்கணக்கில் நடைவேகத்தில் ஊர்ந்த வண்டிகளுக்கு இந்த ஓட்டம் அவசியம். முதல் கியர் ஊர்தலில் புகைக்காற்று சூடாவதே இல்லை. கரி சிறகிலும், புகையில் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்கே அனுப்பும் ஈஜிஆர் வால்விலும், 2020-க்குப் பிந்தைய பிஎஸ்6 வண்டியென்றால் புகைக்கரியை வடிகட்டும் டிபிஎஃப்பிலும் படிந்துகொண்டே போகும். ஊர் திரும்பும் வழியிலாவது அரைமணி நேரம் நன்றாக ஓட்டிவிடுங்கள்.

கரி கெட்டியாகி விட்டால் டர்போவைக் கழற்றி, புகைப் பக்க வெளிக்கூட்டைப் பிரித்துச் சுத்தம் செய்வதுதான் வழி. எந்த நிலையிலும் ராடின் நீளத்தை மாற்றும் நட்டையும், சிறகின் எல்லை ஸ்க்ரூவையும் தொடாதீர்கள். "ரெண்டு திருகு திருப்பினா பிக்கப் வந்துரும்" என்று செய்யும் வேலை, கொஞ்ச நாள் இழுத்துவிட்டு ஹோஸையோ டர்போவையோ பலி வாங்கும். மின் மோட்டார் உள்ள ஆக்சுவேட்டர் என்றால், மாற்றிய பிறகு ஸ்கேனரில் எல்லைகளைக் கற்றுக்கொடுக்கும் வேலை தனியாக உண்டு.

பல மாதம் நின்ற வண்டி

கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர்ப் பக்கம் இது தனி வகை. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். கார் பின்கட்டு ஷெட்டில் நிற்கும். படைப்புக்கோ (முன்னோர் வழிபாடு) கல்யாணத்துக்கோ ஊர் வந்தால்தான் சாவி போடுவார்கள். ஸ்டார்ட் ஆகும், ஓடும், இழுக்காது.

இங்கே முதல் சந்தேகம் எலியும் அணிலும்தான். வாக்குவம் குழாய், சென்சார் வயர், ஹோஸின் ஓரம், எல்லாமே அவற்றுக்குப் பல் தீட்டும் இடம். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். கூடு கட்டியிருந்தால் காற்று நுழையும் வழியே அடைத்திருக்கும். ஃபில்டர் இல்லாமல் கொஞ்சம் ஓட்டிப் பார்க்கலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். டர்போவின் காற்றுச் சக்கரம் நிமிடத்துக்கு லட்சத்துக்கு மேல் சுற்றுகிறது. செம்மண் துகள் அதன் விளிம்பை உளி போலச் செதுக்கிவிடும். இரண்டாவது சந்தேகம், கரியோடு ஈரம் சேர்ந்து துருப்பிடித்து இறுகிய சிறகு. மேலே சொன்ன வாக்குவம் பம்ப் சோதனையில் ராட் அசையாது. ஊரில் யாராவது மாதம் இருமுறை வண்டியை எடுத்து இருபது கிலோமீட்டர் ஓட்டி வந்தால் இது வராது. ஷெட்டிலேயே பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது பயன் தராது, கரிதான் கூடும்.

சித்திரை வெயிலில், ஏசி போட்டால் மட்டும்

இன்டர்கூலரின் வெளிப்புறம் அடைத்திருக்கிறது. பூச்சியும் புழுதியும் ஏசி கண்டென்சருக்கும் இன்டர்கூலருக்கும் நடுவே கம்பளி மாதிரி படிந்திருக்கும், முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. ஸ்கேனரில் மேனிஃபோல்ட் காற்றின் வெப்பத்தைப் பாருங்கள்: சீரான ஓட்டத்தில் வெளிக்காற்றைவிட 20, 25 டிகிரிக்கு மேல் போய் இறங்காமலே நின்றால் கழுவ வேண்டும். இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, சாதாரணத் தோட்டக் குழாயின் அழுத்தத்தில் தண்ணீர் விடுங்கள். சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் பம்பைக் கிட்டே வைத்து அடித்தால் அலுமினியத் தகடுகள் மடங்கி, நிரந்தரமாக அடைத்துவிடும்.

கீழே சரி, 2500-க்கு மேல் மூச்சு முட்டுகிறது

ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், புகை வெளியேறும் வழி, இந்த வரிசை. டிபிஎஃப் உள்ள வண்டியில் அதன் இரு பக்க அழுத்த வித்தியாசத்தை ஸ்கேனர் காட்டும். பி2463 வந்திருந்தால் கரி நிரம்பியிருக்கிறது. நிலையான டர்போவில் வேஸ்ட்கேட் மூடி சரியாக உட்காராமல் சீக்கிரம் திறந்தாலும் இப்படி ஆகும். கரும்புகையும் சேர்ந்தால் ஈஜிஆர் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம். குளிர்ந்த ஸ்டார்ட்டில் "டிக் டிக்" என்று கேட்டு, சூடானதும் குறைந்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட்டைப் பாருங்கள். கசியும் இடத்தில் கறுப்புக் கரிக்கோடு இருக்கும்.

சைரன் மாதிரி சத்தம், நீலப்புகை

இப்போதுதான் டர்போவையே சந்தேகிக்க வேண்டும். உடனே ஓட்டுவதை நிறுத்துங்கள். இன்ஜின் ஆறிய பிறகு ஏர் ஹோஸைக் கழற்றி, காற்றுச் சக்கரத்தின் நடு நட்டைப் பிடித்து ஆட்டுங்கள். பக்கவாட்டில் மிக லேசான ஆட்டம் இருக்கும், அது எண்ணெய்ப் படலத்துக்கான இடைவெளி. ஆனால் சக்கரம் வெளிக்கூட்டில் உரசினாலோ, முன்னும் பின்னும் இழுக்கும்போது விரலுக்குத் தெரியும்படி ஆடினாலோ பேரிங் முடிந்தது. இன்டர்கூலரின் அடி ஹோஸைக் கழற்றினால் மெல்லிய பிசுக்கு இருப்பது இயல்பு. எண்ணெய் ஊற்றாக வந்தால் ஸ்டார்ட் செய்யவே கூடாது. டீசல் இன்ஜின் அந்த எண்ணெயையே எரிபொருளாகக் குடித்து, சாவியை அணைத்தாலும் நிற்காமல் தறிகெட்டுச் சுற்றும். அப்படி நேர்ந்தால், மேனுவல் கியர் வண்டியில் பெரிய கியரைப் போட்டு, பிரேக்கை முழுக்க அழுத்திக்கொண்டு கிளட்ச்சை விட்டு இன்ஜினைத் திணறடித்து நிறுத்த வேண்டும். ஓடும் இன்ஜினின் பக்கத்தில் போய் நிற்காதீர்கள்.

இரட்டை டர்போ ஸ்போர்ட்ஸ் கார்

விசேஷத்துக்கு ஊர் வரும் வண்டிகளில் இவையும் உண்டு. இரண்டு டர்போவும் இணையாக ஓடும் அமைப்பில், 2006-ல் வந்த பிஎம்டபிள்யூ என்54 இன்ஜின் போல, ஒவ்வொரு டர்போவும் மூன்று சிலிண்டரின் புகையில் சுற்றும். தரும் காற்று ஒரே பாதையில் சேரும். ஒரு பக்கக் குழாய் நழுவினாலும் மற்றதன் காற்றும் அதே ஓட்டை வழியாக ஓடிவிடும். ஆகவே ஒரு டர்போ போய்விட்டது என்று முடிவுகட்டும் முன் அழுத்தச் சோதனை கட்டாயம். என்54-ல் 30எஃப்எஃப் என்ற குறியோடு, ஆக்சிலரேட்டரை விடும்போது தகரம் அதிர்வது போல் கேட்டால், வேஸ்ட்கேட் கையின் புஷ் தேய்ந்திருக்கிறது. மூடி இறுக்கமாக உட்காரவில்லை.

ஒன்றன்பின் ஒன்றாக இயங்கும் அமைப்பு வேறு. 1993-ல் வந்த டொயோட்டா சூப்ராவில் முதல் டர்போ கீழே வேலை செய்யும், சுமார் 4000 ஆர்பிஎம்மில் இரண்டாவது சேரும். 4000 வரை நன்றாக இருந்து அங்கே விழுந்து எழாவிட்டால் டர்போவைவிட, இரண்டாவதைத் திறந்துவிடும் வால்வுகளையும் அவற்றை இயக்கும் சிறு குழாய்களையும் முதலில் சந்தேகிக்கலாம்.

பெட்ரோலையும் பாருங்கள். ஆக்டேன் என்பது பெட்ரோல் தட்டலைத் தாங்கும் அளவு. 98 கேட்கும் இன்ஜினில் அதற்குக் குறைந்ததைப் போட்டால், நாக் சென்சார் தட்டலைக் கேட்டதும் கணினி இக்னிஷன் நேரத்தைப் பின்தள்ளும், பூஸ்ட்டையும் குறைக்கும். எதுவும் பழுதாகாமலே இழுவை போகும்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால்

பழைய டர்போ ஏன் போனது என்று தெரியாமல் புதியதை மாட்டாதீர்கள்; அதே காரணம் அதையும் தின்னும். ஆயில் வரும் மெல்லிய குழாயைச் சுத்தம் செய்யாதீர்கள், புதிதாகப் போடுங்கள். உள்ளே கருகிய எண்ணெய் தார் மாதிரி ஒட்டியிருக்கும். அதன் போல்ட்டில் சிறு வலை இருந்தால் அதையும் மாற்றுங்கள். ஆயில் திரும்பும் குழாய் நசுங்கியோ அடைத்தோ இருந்தால் எண்ணெய் தேங்கி சீல் வழியாக ஒழுகும். இந்த இணைப்புகளில் கேஸ்கெட்டுக்குப் பதில் சிலிகான் பேஸ்ட் தடவக் கூடாது. பிதுங்கும் துணுக்கு ஆயில் துளையை அடைத்துவிடும். இன்டர்கூலரைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்து, பழைய எண்ணெயும் உடைந்த துகளும் போகக் கழுவுங்கள்.

புது இன்ஜின் ஆயில், புது ஃபில்டர். குழாயை மாட்டும் முன் டர்போவின் ஆயில் துளையில் சுத்தமான ஆயிலை ஊற்றி, சக்கரத்தைக் கையால் பத்து சுற்று சுற்றுங்கள். டீசல் போகாதபடி இன்ஜெக்டர் கனெக்டர்களைக் கழற்றி, பத்துப் பத்து விநாடியாக இரண்டு மூன்று முறை ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஐந்து நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள். கசிவு இல்லையென்றால் மீண்டும் மூன்றாம் கியர் ஓட்டம், மீண்டும் அளவு. 500 கிலோமீட்டர் ஓடியதும் எல்லாக் கிளாம்ப்பையும் ஒருமுறை இறுக்கி, டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டத்தைப் பார்த்துவிடுங்கள்.